இரண்டு மில்லிமீட்டர்

சியாட்டிலில் இருக்கும் என் மகள் சுகன்யா டிக்கெட் அனுப்பியிருக்கிறாள். மதுரையிலிருந்து துபாய், துபாயிலிருந்து நேராக சியாட்டில். அவளுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. டிக்கெட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்த என் கணவர், "பதினாலு மணி நேரத்துக்கு மேல உக்காரணுமாம்ல. ஒன் முட்டி தாங்குமா?" என்று கேட்டார். முட்டியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எனக்கு அந்தப் பாதை தெரியும், அதுதான் கவலை.

இருபத்து மூன்று வருடம் விமானங்களுக்குப் பாதை போட்ட நான், என் வாழ்நாளில் விமானத்தில் ஏறியது இரண்டே தடவை. இரண்டும் சென்னைக்கு. இரண்டு தடவையும் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு, கீழே விழுப்புரமா திருச்சியா என்று பார்த்தபடியே போனேன். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

இந்த நேரத்தில்தான் பாண்டி கூப்பிட்டான். என்னிடம் வேலை பழகி, இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவனாக இருப்பவன். "அக்கா, இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டரே போட்டுருது. நீங்க கையால அளந்த காலத்தப் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுங்க. ஆண்டு மலர்ல போடுவோம். புதுசா வந்தவங்களுக்குச் சுவாரசியமா இருக்கும்" என்றான். எழுதித் தருகிறேன் பாண்டி. ஆனால் சுவாரசியமாக இருக்குமா என்று தெரியவில்லை. மலரில் போடுவதா வேண்டாமா என்று முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

எங்கள் வேலை என்னவென்று என் சொந்த ஊரான சமயநல்லூரில் இன்றுவரை யாருக்கும் விளங்கியதில்லை. டிக்கெட் விற்கிறேன் என்று நினைத்தவர்கள் பாதி. விமானம் ஓட்டுகிறேன் என்று நினைத்து நெட்டி முறித்தவர்கள் மீதி. மதுரைக்கு வெளியே ரிங் ரோட்டில் மூன்று மாடிக் கட்டடம், கீழே டைல்ஸ் கடை, இரண்டாவது மாடியில் நாங்கள். உலகத்தில் எங்கோ ஒரு வாடகை விமானம் புறப்படும். அது எந்த வழியாகப் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நடுவில் கோளாறு வந்தால் எந்த ஊரில் இறங்குவது என்பதையெல்லாம் நாங்கள் கணக்குப் போட்டு அனுப்புவோம். புறப்பட்ட பிறகு இறங்கும்வரை திரையில் பின்தொடர்வோம். நாங்கள் பாதை போட்ட ஊர்களில் ஒன்றைக்கூட எங்களில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததில்லை.

நான் பரவையில் ஒரு தனியார் பள்ளியில் புவியியல் டீச்சராக இருந்தவள். விளம்பரம் பார்த்து எழுதிப் போட்டேன். சென்னையில் ஆறு மாதப் பயிற்சி. வானிலைத் தேர்வில் ஒருமுறை தோற்று, அழுது, மறுபடி எழுதித் தேறினேன். அந்த ஆறு மாதத்தில் படித்தது எதுவும் இப்போது நினைவில் இல்லை. சிக்கந்தர் சார் முதல் நாள் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது.

சிக்கந்தர் சார் எங்கள் மேலதிகாரி. வளைகுடா நாட்டு விமான நிறுவனம் ஒன்றில் இதே வேலையைப் பல காலம் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒல்லி உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை, கழுத்தில் தையல்காரர் போடுவதுபோல ஒரு டேப். அவருடைய அத்தா மதுரைப் புதுமண்டபத்தில் தையல் கடை வைத்திருந்தவர், அவர் டேப்புதான் அது. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கடைநிலை ஊழியரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். அதனாலேயே அவரிடம் எங்களுக்குப் பயம் அதிகம்.

முதல் நாள் சுவரில் மாட்டியிருந்த உலகப் படத்தைக் காட்டி, துபாய்க்கும் சியாட்டிலுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போடச் சொன்னார். போட்டேன். அரபு நாடு, மத்தியதரைக் கடல், அட்லாண்டிக், அமெரிக்கா என்று நேர்கோடு. பிறகு மேஜை மேலிருந்த உலக உருண்டையில் அதே வழியில் டேப்பை ஓட்டச் சொன்னார். அந்த உருண்டையின் சுற்றளவு சரியாக ஒரு மீட்டர், ஆகவே ஒரு சென்டிமீட்டருக்கு நானூறு கிலோமீட்டர். என் நேர்கோடு நாற்பது சென்டிமீட்டர் வந்தது. அவர் டேப்பின் ஒரு முனையைத் துபாயில் வைத்து, மறுமுனையை சியாட்டிலில் வைத்து இழுத்துப் பிடித்தார். டேப் ரஷ்யாவின் மேல் ஏறி, வடதுருவத்தின் உச்சியைக் கடந்து, அந்தப் பக்கம் கனடா வழியாக இறங்கியது. முப்பது சென்டிமீட்டர்.

"தனம், எங்க அத்தா தொப்பி தைப்பாக. உருண்டத் தலைக்குத் தட்டத் துணியில தொப்பி வேணும்னா துணிய இலை இலையா வெட்டணும். வெட்டாமக் கவுத்தா சுருக்கம் விழும். இந்த மேப்புக்காரன் வெட்டவும் இல்ல, சுருக்கம் விழவும் விடல. மேல்பக்கத்த இழுத்து இழுத்து அகலமாக்கிட்டான். அதனால படத்துல நேராத் தெரியிறது சுத்து. வளைஞ்சு தெரியிறதுதான் நேரு."

"அப்ப இதான் குறுக்கு வழியா சார்?"

"குறுக்கு வழிதான். நாலாயிரம் கிலோமீட்டர் மிச்சம். ஆனா அந்த வழியில மனுசன் இல்ல." அப்படிச் சொல்லிவிட்டு, டேப்பின் நடுவில், வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் விரலை வைத்தார். "இப்ப இறங்கணும்னா எங்க?"

அந்தக் கேள்வியை அவர் எல்லா நேரமும் கேட்பார். டீ குடிக்கும்போது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது, அலுவலக வேனில் வீட்டுக்குப் போகும்போது. திரையில் நகரும் விமானத்தைச் சுட்டி, இப்ப இறங்கணும்னா எங்க என்பார். மூன்று மூச்சுக்குள் ஊர் பெயர் சொல்ல வேண்டும். அங்கே ஓடுபாதை திறந்திருக்கிறதா, காற்று எப்படி, தீயணைப்பு வண்டி உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாளடைவில் இது எனக்கு வியாதியாகிவிட்டது. டி. கல்லுப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் பேருந்தில் போகும்போதுகூட, இந்த இடத்தில் யாருக்காவது நெஞ்சு வலித்தால் எந்த ஆஸ்பத்திரி என்று எண்ணிக்கொண்டே போவேன். "ஒன்னோட நிம்மதியா ஒரு ஊருக்குப் போக முடியல" என்று என் கணவர் சலித்துக்கொள்வார்.

எங்கள் அறையில் இரண்டு பழக்கங்கள் இருந்தன. விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்று உருண்டையில் குறிக்க, பெண்கள் நெற்றியிலிருக்கும் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டுவோம். சின்னதாக, சிவப்பாக, ஒட்டி எடுக்க வசதியாக இருக்கும். யாருடைய விமானம் என்பதைப் பொட்டை வைத்தே சொல்லிவிடலாம். இன்னொன்று, அவசரத்துக்கு இறங்கும் ஊர்களின் பட்டியலில் விமானம் ஒரு ஊரைத் தாண்டியதும் அந்தப் பெயரைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவோம். யார் தொடங்கிய பழக்கம் என்று தெரியாது. எங்களுக்கு அது இயல்பாகவே வந்தது. திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினால் விளாங்குடி, பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி என்று வரிசையாக வரும். தாண்டிய ஸ்டாப்பை யார் கேட்கப் போகிறார்கள்?

அன்றைய விமானம் சின்ன ஜெட், இரண்டு இன்ஜின். வளைகுடாவிலிருந்து சியாட்டிலுக்கு ஒரு நோயாளியைக் கொண்டுபோனது. ஒன்பது வயதுப் பெண் குழந்தை, இருதயத்தில் அறுவை சிகிச்சை. கூட அவள் அம்மா, ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், இரண்டு பைலட்டுகள். மொத்தம் ஆறு பேர். சுகன்யாவும் அப்போது ஏறக்குறைய அந்த வயதுதான். காலையில் பயணிகள் விவரத்தில் வயதைப் பார்த்ததிலிருந்தே எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரியாக இருந்தது.

சாயங்காலம் நாலரை மணி இருக்கும். சிக்கந்தர் சார் டேப்பைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அஸர் தொழுகைக்குக் கீழ்த்தளத்து அறைக்குப் போயிருந்தார். விமானம் துருவத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கனடாவை நோக்கிப் போகத் தொடங்கியிருந்தது. இந்தப் பக்கத்தில் இருந்த கடைசி ஊர் ஸ்வால்பார்ட், நார்வேக்கு வடக்கே பனித் தீவு. அதைத் தாண்டியதும் வழக்கம்போல அடித்துவிட்டேன். எதிரே கனடா பக்கத்தில் மூன்று ஊர்கள் இருந்தன. மதியத்திலிருந்து அதில் இரண்டில் பனிப்புயல், ஓடுபாதை மூடல். மிச்சம் இருந்தது தூரத்தில் இருந்த இனுவிக் ஒன்றுதான்.

சாட்டிலைட் போன் அடித்தது. கேப்டன் வெளிநாட்டுக்காரர், பொறுமையான குரல். ஒரு இன்ஜினுக்கு எரிபொருள் வடிகட்டி அடைத்து, அது நின்றுவிட்டது என்றார். எரிபொருளில் தண்ணீர் கலந்து குளிரில் உறைந்திருக்கலாம் என்றார். இரண்டாவது இன்ஜினுக்கும் அதே எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது என்றார். அந்த இன்ஜினும் அதே எரிபொருளைத்தான் குடிக்கிறது. அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, இருவருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்தில் இறங்கக்கூடிய ஊர் எது என்று கேட்டார்.

விமானத்துக்குள் இருக்கும் கணினியும் பக்கத்து ஊர்களைக் காட்டும். ஆனால் எங்கே புயல், எங்கே ஓடுபாதை திறந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் நாங்கள் இருக்கிறோம். நான் அடிக்காமல் விட்ட பெயரைப் படித்தேன். "இனுவிக். ஓடுபாதை திறந்திருக்கிறது." அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் பாண்டி. "எம்புட்டு நேரம் ஆகும்க்கா?" என்றான்.

"ஒத்த இன்ஜின்ல ரெண்டே முக்கால் மணி நேரம்."

"அம்புட்டு நேரமா? பின்னால எதுவும் இல்லையாக்கா?"

"பின்னால எங்கடா இருக்கு? அதான் தாண்டியாச்சுல்ல. போயி இனுவிக் வானிலைய எடுத்துட்டு வா" என்று எரிந்து விழுந்தேன். அவன் எழுந்து போனான்.

அவன் போன பிறகு, ஏனோ உருண்டையைப் பார்த்தேன். சுவரில் இருக்கும் படத்தில் ஸ்வால்பார்ட் வலது பக்கம், இனுவிக் இடது ஓரம், நடுவில் முழம் முழமாக இடைவெளி. என் மனதிலும் அந்தப் படம்தான் இருந்தது. உருண்டையில் உச்சியில் ஆணியை மூடிய பித்தளைக் குமிழ் இருக்கும், துருவம் அதற்கு அடியில். அந்தக் குமிழுக்கு இந்தப் பக்கம் விமானம், அந்தப் பக்கம் ஸ்வால்பார்ட். இரண்டும் ஒரே கையளவுக்குள் இருந்தன. சாருடைய டேப்பை எடுத்தேன். நெற்றிப் பொட்டை எடுத்து விமானம் இருந்த இடத்தில் ஒட்டினேன். இனுவிக்குக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குமிழின் மேலாக டேப்பைப் போட்டு ஸ்வால்பார்டுக்கு அளந்தேன். நாலேகாலுக்குச் சற்று மேல்.

அரை சென்டிமீட்டர். இருநூறு கிலோமீட்டர். ஒற்றை இன்ஜினில் கால் மணி நேரத்துக்கு மேல்.

விமானத்தைத் திருப்பச் சொல்ல வேண்டும். போன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து நான்கு வார்த்தை பேசினால் போதும். நான் எடுக்கவில்லை.

ஏன் என்று இத்தனை வருடத்தில் எனக்கு நானே எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேப்டனைக் குழப்பக் கூடாது என்று நினைத்தேன் என்பேன். மறுபடி அளந்து உறுதி செய்ய நினைத்தேன் என்பேன். அதெல்லாம் பொய். 'தப்பாகச் சொல்லிவிட்டேன்' என்று அந்தப் பொறுமையான குரலிடம் சொல்லப் பயந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். புவியியல் டீச்சராக இருந்தவளுக்கு உருண்டையைப் பார்க்கத் தெரியவில்லையா என்று சிரிப்பார்களே என்று பயந்தேன். ஆறு பேர் பனிக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும்போது நான் சிரிப்புக்குப் பயந்தேன். டேப்பைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்வது தெரிந்தது. ஒவ்வொரு நிமிடமும் விமானம் ஸ்வால்பார்டை விட்டு விலகிக்கொண்டிருந்தது. அதுவும் எனக்குத் தெரிந்தது. ஏழு நிமிடம் அப்படியே இருந்தேன்.

சிக்கந்தர் சார் தொப்பியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி வந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "என்னாச்சு தனம்?" என்றார். சொன்னேன்.

"எங்க போகச் சொன்னீங்க?"

"இனுவிக் சார்."

"திரும்புனா?"

அவர் உருண்டையைப் பார்த்தார். டேப் அதன் மேலேயே கிடந்தது. திரையில் விமானத்தின் புது இடத்தைப் பார்த்து, உருண்டையைத் தாங்கியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, என் பொட்டை நகத்தால் எடுத்துப் புது இடத்தில் ஒட்டினார். இரண்டு பக்கமும் அளந்தார். அளக்கும்போது அவர் உதடு மட்டும் அசைந்தது.

"நாலரை. இந்தப் பக்கமும் நாலரை. இப்ப ரெண்டும் ஒண்ணுதான். இனிமே திருப்புனா திருப்புற நேரம்தான் நட்டம். போகட்டும்."

என் தப்பு அந்த இடத்தில் மறைந்துபோனது. ஏழு நிமிடம் நான் வாய் திறக்காமல் இருந்ததால், தப்பாகச் சொன்னதே சரியாகிவிட்டது. கேப்டனை மறுபடி கூப்பிட்டுத் திருத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

"எப்ப அளந்தீங்க?" என்று கேட்டார்.

"இப்பத்தான் சார். நீங்க உள்ள வரும்போது."

அவர் உருண்டையைப் பார்த்தார். பொட்டு முன்பு ஒட்டியிருந்த இடத்தில் பசை கொஞ்சம் மிச்சம் இருந்தது. புது இடத்துக்கும் அதற்கும் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு மில்லிமீட்டர் என்றால் எண்பது கிலோமீட்டர். எண்பது கிலோமீட்டர் என்றால் ஏழு நிமிடம். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பிறகு இரண்டரை மணி நேரம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சார் கேப்டனோடு பேசினார். காற்று, உயரம், இனுவிக் ஓடுபாதையில் பனி வாருகிறார்களா என்று ஒவ்வொன்றாக. மூன்றாவது தடவை, இரண்டாவது இன்ஜினின் விளக்கு இப்போது அணையாமல் எரிகிறது என்றார் கேப்டன். அந்த அழைப்பில் பின்னாலிருந்து குழந்தையின் குரல் கேட்டது. எனக்குத் தெரியாத பாஷை. ஏதோ கேட்கிறாள், அம்மா பதில் சொல்கிறாள், மறுபடி கேட்கிறாள். பயந்த குரல் இல்லை. எப்போது வரும் என்று சலிப்போடு கேட்கும் குரல். சுகன்யா பஸ்ஸில் அப்படித்தான் கேட்பாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். முகம் கழுவித் திரும்பியபோது பாண்டி, "தைரியமா இருங்கக்கா. நீங்க சரியாத்தானே சொன்னீங்க" என்றான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஏழரை மணிக்கு, இனுவிக்கில் இறங்கிச் சக்கரம் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. அறையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் மட்டும் எழவில்லை.

குழந்தையை மறுநாள் வேறு விமானத்தில் கொண்டுபோனார்கள். அறுவை சிகிச்சை நடந்து பிழைத்துக்கொண்டாள் என்று கேப்டன் கடிதம் எழுதினார். இரண்டாவது இன்ஜினின் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தபோது முக்கால்வாசி அடைத்திருந்ததாம். இன்னும் எத்தனை நிமிடம் தாங்கியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு மாதம் கழித்து எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'நெருக்கடியில் பதற்றமின்றிச் செயல்பட்டமைக்கு' என்று அதில் போட்டிருக்கும். ஆமாம் பாண்டி, நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்களே, அதே சான்றிதழ்தான். பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரமே சிக்கந்தர் சார் சிவப்புப் பேனாக்களைச் சேகரித்துக்கொண்டார். "தாண்டுன ஊர அடிக்காதீங்க. அதையும் அளங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார். இப்போது உங்கள் கணினி நாலா பக்கமும் தானே அளந்து காட்டுகிறதே, அந்த விதி எங்கிருந்து வந்தது என்று இனி உங்களுக்குத் தெரியும். என்னிடம் அவர் தனியாக எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் பணி தொடங்கும்போது அந்த டேப்பை என் மேஜையில் கொண்டுவந்து வைப்பார். இன்றைக்குக் கேட்டுவிடுவார் என்று தினமும் பயந்தேன். அவர் ஓய்வு பெற்றுப் போனார். அதன் பிறகும் பயம் போகவில்லை. நானும் ஓய்வு பெற்றேன்.

டிக்கெட் வந்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனில் விமானப் பாதையைக் காட்டி, "ஏன்க்கா இவன் இப்படிச் சுத்திப் போறான், நேராப் போனா என்ன?" என்று கேட்டார். அது நேர்தான், படம்தான் பொய் என்று சொல்லிவிட்டு, அந்த வளைவின் உச்சியைப் பார்த்தேன். படத்தின் மேல் விளிம்பில் கோடு காணாமல் போய், வேறொரு இடத்தில் கீழே வருகிறது. காணாமல் போகும் இடத்தில்தான் அந்தக் குழந்தை இருந்தாள். இப்போது நான் இருக்கப் போகிறேன். "அம்மா, ஒனக்கு அம்புட்டுப் பயமா இருந்தா வர வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்று சுகன்யா சொன்னாள். அவளுக்கு இது முதல் பிரசவம்.

போன வாரம் மஹபூப்பாளையத்துக்குப் போய் சிக்கந்தர் சாரைப் பார்த்தேன். எண்பதை நெருங்குகிறார். கண்ணில் ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். அவர் மனைவி டீ கொடுத்துவிட்டு உள்ளே போனதும், ஆறப் போடாமல் சொல்லிவிட்டேன். "சார், அன்னைக்கு நீங்க வாரதுக்கு ஏழு நிமிசம் முன்னாடியே எனக்குத் தெரியும்."

"ரெண்டு மில்லிமீட்டர்" என்றார்.

"அப்பவே தெரியுமா சார்?"

"தையக்காரன் மகனுக்குத் தெரியாதா?"

"பின்ன ஏன் சார் கேக்கல?"

"கேட்டேனே தனம். எப்ப அளந்தீங்கன்னு கேட்டேன்ல." டீயை ஒரு வாய் குடித்தார். "ரெண்டாந் தடவ கேட்டிருக்கணும். கேட்டா நீங்க உண்மையச் சொல்லிருவீங்க, சொன்னா ஒங்கள வேலைய விட்டு அனுப்பணும். எனக்கும் பயந்தான். அந்தப் பயத்தோடதான் ரிட்டயர் ஆனேன்."

இத்தனை வருடம் என்னை விசாரிக்கக் காத்திருக்கிறார் என்று நினைத்த மனிதர், என்னைப் போலவே வாயை மூடிக்கொண்டு பயந்துகொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டிக்கெட் விஷயத்தைச் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியை என் பக்கம் திருப்பினார்.

"சியாட்டிலா? துருவத்தத் தாண்டியாச்சு. இப்ப இறங்கணும்னா எங்க?"

"ஸ்வால்பார்ட் சார்" என்றேன். "பின்னால."

"போயிட்டு வாங்க" என்றார்.

டிக்கெட்டை உறுதி செய்யச் சொல்லிவிட்டேன். பயம் ஒன்றும் குறையவில்லை, அதையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோகிறேன். பாண்டி, புதிதாக வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். எனக்குப் பாதை போடுபவர் உங்கள் அறையில் இருக்க மாட்டார். எந்த ஊரிலோ, எந்த மாடியிலோ, கீழே என்ன கடையோ. அவருக்கு என் பெயர் தெரியாது. அவரும் தப்புச் செய்யலாம், அதை நான் மன்னிப்பேன். ஆனால் தப்பு என்று தெரிந்த அந்த நிமிடமே போனை எடுத்துவிட வேண்டும். திட்டுவார்கள், சிரிப்பார்கள், வேலைகூடப் போகலாம். எடுத்துவிட வேண்டும். நான் மேலே இருப்பேன். என் மகள் கீழே காத்துக்கொண்டிருப்பாள்.